மங்காமல் அணைந்த லைட்

அக்டோபர் 27, ஞாயிறு

கோவையில் வாங்கிய எல்.இ.டி. டார்ச்சை இன்று மாலை மொட்டை மாடியில் எல்லோருக்கும் காட்டினேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். மாப்பிள்ளை திருமூர்த்தி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, இதை யானைகிட்டக் காட்டுனா யாரோ பீடி பத்த வெக்கறாங்கன்னு நெனைச்சுக்காதுங்களா?" என்றான்.

என் மனைவி வசந்தாமணி சிரித்தாள். தம்பி எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். இருப்பது அடுத்த வீடு என்றாலும் மூன்று வேளைச் சாப்பாடும் எங்களோடு. முப்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் பெண் அமையவில்லை. தோட்டம் இருக்கிறது என்றால் பெண்வீட்டார் உட்காருகிறார்கள். மாப்பிள்ளையே தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிறவர் என்றால் எழுந்துவிடுகிறார்கள்.

அவன் போய்த் தன்னுடைய ஹாலஜன் ஸ்பாட்லைட்டை எடுத்து வந்தான். தோளில் மாட்டும் பேட்டரிப் பை, சுருள் ஒயர், கைப்பிடி, சோற்றுப் போசி அளவுக்கு ஒரு தலை. இரண்டையும் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியின் மேல் அடித்துப் பார்த்தோம். என்னுடையது வெள்ளையாக நேரே போய்த் தொட்டியில் ஒரு தட்டு அகலத்துக்கு விழுந்தது. அவனுடையது மஞ்சளாகப் பரவி, தொட்டி, பக்கத்து வேப்பமரம், அதன் கீழே கட்டியிருந்த எருமை எல்லாவற்றையும் காட்டியது.

நான் விளக்கினேன். ஹாலஜனில் இழை சூடானால்தான் ஒளி வரும், மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடும், அதனால்தான் அரைமணி நேரத்தில் பேட்டரி காலியாகிறது என்று. "சயின்ஸ் சாருக்குப் பாடம் நடத்தலீன்னா சோறு எறங்காது," என்றாள் வசந்தாமணி.

மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது. இனி யானைகள் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்துவிடும். தீபாவளி கழிந்த வாரம் தோட்டக் காவல் முறையில் நானும் திருமூர்த்தியும் சேர்ந்து வருகிறோம்.

நவம்பர் 1, வெள்ளி

சமையலறை ஓடு ஒழுகுகிறது. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி. தீபாவளி வெடியில் பாதியை யானைக்கென்று எடுத்து வைத்துவிட்டான் திருமூர்த்தி.

நவம்பர் 6, புதன்

கோவைப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில்தான் அவனை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள்.

நேற்று பொழுது சாய்கிற நேரம் காவலுக்குப் போனோம். மழை விட்டிருந்தது. கரண்ட் இல்லாததால் என் டார்ச்சை வசந்தாவிடம் வீட்டில் கொடுத்துவிட்டேன். திருமூர்த்தியின் ஹாலஜன் லைட் என் கையில். அவன் கையில் வெடியும் தீப்பெட்டியும். வாய்க்கால் ஓரமாக அவன் முன்னால் போனான், நான் பின்னால் லைட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். தெற்கு மூலையில் சோளத்தட்டு முறியும் சத்தம் கேட்டது. ஒற்றை யானை. முகத்தில் வெளிச்சம் இருந்தவரை தயங்கி நின்றது. அப்புறம் லைட் அணைந்துவிட்டது. யானை வந்துவிட்டது.

வலது தொடை எலும்பு, இடுப்பெலும்பு, விலாவில் மூன்று. வாய்க்காலுக்குள் விழுந்ததால் உயிர் தப்பியது என்றார் டாக்டர்.

வசந்தா இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பேட்டரி தீர்ந்துதான் லைட் அணைந்திருக்கிறது. பழைய பேட்டரி.

நவம்பர் 7, வியாழன்

வனக்காவலர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அதற்கு முன் ஊர்க்காரர்களிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன். இவரிடம் சொல்லும்போது தடங்கல் இல்லாமல் வந்தது. "லைட் அணைஞ்சிருச்சுங்க. பேட்டரி சார்ஜ் இல்லை."

"அந்த லைட் இப்ப எங்கீங்க சார்?"

வாய்க்காலில் விழுந்து நனைந்துவிட்டது, வீட்டில் காயப் போட்டிருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. மாட்டுச்சாலையில், சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் இருக்கிறது.

நவம்பர் 9, சனி

ஆஸ்பத்திரி வாசலில் மாரப்பன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சு. உள்ளே வரவில்லை.

முக்கில் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருப்பவன் அவன்தான். ஊரில் இருக்கிற ஸ்பாட்லைட் பேட்டரிக்கெல்லாம் அவன் கடையில்தான் சார்ஜ் போடுவார்கள். என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றினான். தார் ரோட்டில், வெயிலில்.

"சார், அன்னிக்குக் கல்யாண வூட்டுல சீரியல் செட் வேலைங்க. பேட்டரியச் சார்ஜுல போட்டது நெனப்பிருக்குதுங்க. முழுசா ஏறுற வரைக்கும் விட்டனா, அவசரத்துல பாதில கழட்டிட்டனான்னு நெனப்பில்லீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறனுங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாற்பத்தைந்து வயது ஆள்.

"விடு மாரப்பா. வேணும்னா செஞ்சே?" என்றேன்.

மன்னிக்கிறவன் குரலில் சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

காவல் குழு கூட்டம். சென்னியப்பண்ணன்தான் குழுத் தலைவர், வாழைத்தோட்டக்காரர். ஹாலஜன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எல்.இ.டி. வாங்கிவிடலாமா என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். கடைசியில் சென்னியப்பண்ணன், "நாம பேசி என்னத்துக்கு ஆவுது? சார் ரெண்டையும் வெச்சுப் பாத்துட்டு எது தேவலைன்னு சொல்லட்டும். அவரு சொன்னாச் செரியா இருக்கும்," என்றார்.

சம்மதித்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் தங்கள் பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இனி பக்கத்து ஊரில் சார்ஜ் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். மாரப்பன் கூட்டத்துக்கு வரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ஏழாம் வகுப்புக்கு மின்சுற்று பாடம். கரும்பலகையில் மின்கலம் வரைந்தேன், பல்பு வரைந்தேன். ஸ்விட்ச் வரையும்போது சாக்பீஸ் உடைந்தது. அடுத்த பாடவேளையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

வசந்தா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு மாட்டுச்சாலைக்குப் போனேன். தட்டை விலக்கி லைட்டை எடுத்தேன். கண்ணாடியில் சேறு காய்ந்திருந்தது. ஒயரைப் பேட்டரியில் செருகி ஸ்விட்சைத் தட்டினேன்.

எரிந்தது. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. நல்ல வெளிச்சம். கூரையில் ஒவ்வொரு ஓலையும் தெரிந்தது.

அணைத்துவிட்டு மறுபடியும் தட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

எரியும் என்று எனக்குத் தெரியும். பின் எதற்குப் போய்ப் பார்த்தேன் என்றுதான் தெரியவில்லை. எரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 16, சனி

பள்ளி மைதானத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில் லைட் பரிசோதனை. ஊரில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வசந்தாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து மதில் ஓரத்தில் நின்றாள். ஹாலஜனுக்குச் சென்னியப்பண்ணன் வீட்டு லைட்டைக் கேட்டு வாங்கியிருந்தோம். திருமூர்த்தியுடையதும் அதே மாடல்தான். பேட்டரியை மாரப்பனே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். "நேத்துல இருந்து சார்ஜுலயே கெடக்குதுங்க சார். இந்தத் தடவ நான் பக்கத்தாலயே உக்காந்திருந்தனுங்க," என்றான். பிறகு கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.

முதலில் தூரம். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருவர் வேட்டியை விரித்துப் பிடித்தார். எல்.இ.டி.யில் வேட்டி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஹாலஜனில் வேட்டி கொஞ்சம் மங்கல், ஆனால் பக்கத்தில் நின்ற நாய்கூடத் தெரிந்தது. தோட்டத்தில் நடக்கும்போது பக்கவாட்டில் என்ன நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மழை விட்ட நேரம், மலையிலிருந்து மூட்டம் இறங்கியிருந்தது. எல்.இ.டி.யை அதற்குள் அடித்தால் மூட்டமே வெள்ளையாக எரிந்து கண்ணைக் கூசியது. ஹாலஜன் அவ்வளவு கூசவில்லை. அடுத்தது சூடு. ஹாலஜன் கண்ணாடி மேல் ஒரு வேப்பிலையை வைத்தேன், சுருண்டு புகைந்தது. எல்.இ.டி.யைக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். கனம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட்டரிப் பையைத் தூக்கிப் பார்த்த ஒரு பெரியவர், "இதையுஞ் சொமந்துக்கிட்டு எங்கீங்க ஓடறது?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குப் பேச்சு நன்றாக வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கட்டத்தில் எதற்காக இந்தச் சோதனை என்பதே மறந்துபோய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த உற்சாகத்தில்தான் அதையும் சொன்னேன்: "இதுல இன்னொரு வித்தியாசம் இருக்குது. எல்.இ.டி. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி எரியும், சார்ஜ் தீர்ந்தா சொல்லாமக்கொள்ளாம டக்குனு நின்னுரும். ஹாலஜன் அப்படியில்லை. பேட்டரி எறங்க எறங்க..."

அங்கே நிறுத்தினேன்.

"எறங்க எறங்க?" என்றார் சென்னியப்பண்ணன்.

"கொஞ்சம் மங்கும். சரி, போதுமுங்கண்ணா. பாக்க வேண்டியதப் பாத்தாச்சு."

"இருங்க சார். அதையும் பாத்தர்லாம். எத்தன நேரந்தான் தாங்குதுன்னு தெரியோணுமல்ல."

ஹாலஜனை மதில் பக்கம் திருப்பி எரிய விட்டார்கள். பேசிக்கொண்டே காத்திருந்தார்கள். அரைமணி ஆகியிருக்கும். வெளிச்சம் மஞ்சளாயிற்று. பிறகு ஆரஞ்சாயிற்று. மதிலில் விழுந்த வட்டம் மெல்லமெல்லச் சுருங்கியது. "இது அணையறதுக்குள்ள முக்குக்குப் போயி டீ குடிச்சுட்டு வந்தர்லாமாட்ட இருக்குதே," என்றார் ஒருவர். கடைசியில் கண்ணாடிக்குள் இழை மட்டும் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து கிடந்தது. அப்படியே வெகுநேரம் கிடந்தது. அணைந்த கணத்தை யாரும் பார்க்கவில்லை.

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மாரப்பனைப் பார்க்கவில்லை. வசந்தா எப்போது கிளம்பினாள் என்றும் தெரியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் வசந்தா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, நேத்து அந்த லைட்டு அணையறதுக்கு அத்தன நேரமாச்சே. அன்னிக்கும் அப்படித்தான் மங்குச்சுங்களா?"

"அது பழைய பேட்டரி. ஒயரும் லூஸா இருந்திருக்கலாம். ஆட்டத்துல காண்டாக்ட் விட்டுப்போனா..."

"மங்குச்சுங்களான்னுதான் கேட்டேன்."

"இல்லை."

"பல்பு போயிருச்சுங்களா?"

"இல்லை."

அவள் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "அப்பறம் எப்படி அணைஞ்சுது?"

சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். பத்து நாளாக இந்தத் தாள்களிலும் அவளிடம் சொன்ன பொய்யைத்தான் எழுதி வந்திருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேன் என்று தெரியவில்லை.

திருமூர்த்தி எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் இருந்தான். குனிந்து வெடியின் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "மொகத்துலயே புடிங்க மாமா, அசைக்காதீங்க," என்றான். பிடித்தேன். யானை தும்பிக்கையைத் தூக்கியது. அது அவனைப் பார்க்கவில்லை. வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறதோ அங்கே பார்த்தது. என்னைப் பார்த்தது. அந்த வெளிச்சம்தான் நான் நிற்கிற இடத்தை அதற்குக் காட்டிக் கொடுக்கிறது என்று தோன்றியது. அது யோசனை என்று சொல்லமுடியாது. கட்டைவிரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. அழுத்தினேன். ஒரே இருட்டு. "மாமா" என்று ஒரு முறை கூப்பிட்டான். உரக்கக்கூட இல்லை. லைட்டைப் போடுங்கள் என்று கேட்கிற மாதிரி.

போடவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடினேன். லைட்டை எப்போது வாய்க்காலில் எறிந்தேன் என்பது நினைவில்லை. எறிந்தேன். விழவில்லை.

சொல்லி முடித்ததும் வசந்தா காய்த்தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பொரியல் செய்தாள். எனக்குப் பரிமாறினாள். தூக்குப் போசியில் தம்பிக்கு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நவம்பர் 19, செவ்வாய்

சோறு. ரசம். மோர் வேணுங்களா. இவ்வளவுதான் அவள் இரண்டு நாளில் பேசியது.

ஒழுகுகிற ஓட்டை மாற்றினேன்.

நவம்பர் 20, புதன்

பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வசந்தா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திருமூர்த்தியின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஷேவ் செய்யாமல் தாடி வளர்ந்து, முகம் சின்னதாகியிருந்தது.

"மாப்ளே, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"அக்கா சொல்லுச்சுங்க." கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியுமுங் மாமா. ஆறு வருசமா அந்த லைட்டுத்தான வெச்சிருக்கேன். அது போறப்ப எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஒரேயடியாப் போச்சு."

"அப்பறம் ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது?"

பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் அதைக் கேட்பதுபோல இருந்தோம்.

"அணைச்சதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கலீங் மாமா," என்றான். "அந்த எடத்துல நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. யானை ஏறிட்டுப் பாத்தா ஆருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனா என்னை ஜீப்புல தூக்கிப் போட்டாங்க பாருங்க. நீங்க எம்பட கையப் புடிச்சுக்கிட்டு, லைட்டு அணைஞ்சிருச்சு மாப்ளே, லைட்டு அணைஞ்சிருச்சு மாப்ளேன்னு காதுல சொல்லிக்கிட்டே வந்தீங்க. அத்தன வலியிலயும் எனக்கு அது கேட்டுது. அதைத்தான் தாண்ட முடியலீங்க."

சரிந்திருந்த போர்வையை அவன் மேல் இழுத்துவிட்டேன்.

"ஊருல போயிச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க," என்றான் பிறகு. "அக்கா அந்த ஊருலதான் இருக்கோணும். பள்ளிக்கூடத்துல பசங்க முன்னால நீங்க நிக்கோணும். என் காலு ஆகறபடி ஆகட்டும்."

"மாரப்பன்?"

கண்ணை மூடிக்கொண்டான். "அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றான்.

வசந்தா மருந்தோடு வந்தாள். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் பக்கம் பார்க்காமல் தம்பியின் தலையணையைச் சரிசெய்தாள். நான் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

மாரப்பன் கடை இரண்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. அவிநாசிப் பக்கம் மில் ஒன்றில் வேலை கேட்டுப் போயிருக்கிறான் என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

குழு கூட்டம். சமுதாயக் கூடத்தில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். எந்த லைட் என்று நான் சொல்லவேண்டிய நாள். கூட்டத்துக்கு வரச்சொல்லி நேற்று மாரப்பன் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருந்தேன். எதற்கென்று சொல்லவில்லை. மொத்தமாகப் பழி தீர்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கதவோரம் நின்றான்.

சென்னியப்பண்ணன், "சார் பேசுவாரு," என்றார்.

நின்று பேசத் தொடங்கினேன். எழுதி எடுத்துப்போன வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. "அன்னிக்கு அந்த லைட் தானா அணையலை. நான் அணைச்சேன்," என்றேன். "பேட்டரில சார்ஜ் இருந்துது. பல்பு நல்லா இருந்துது. யானை என்னைப் பாத்துதுன்னு பயந்து நான் ஸ்விட்ச அமுக்கிட்டேன். மாப்பிள்ளைய இருட்டுல விட்டுட்டு ஓடுனேன். மாரப்பன் மேல ஒரு தப்பும் இல்லை."

யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒருவர் இருமினார். என்னிடம் படித்த இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாரப்பன்தான் முதலில் பேசினான். "அப்ப நான் சார்ஜு போட்டது செரியாத்தான் இருந்துச்சுங்களா சார்?"

"சரியாத்தான் இருந்துது மாரப்பா."

"முழுசா ஏறியிருந்துச்சுங்களா?"

"முழுசா."

அவன் முகத்தில் வந்தது கோபமில்லை. மூச்சை விட்டான். தோள் இரண்டும் இறங்கின. அதைப் பார்ப்பதைவிட ஓர் அறை வாங்கியிருக்கலாம். "என் வூட்டுக்காரிகிட்டச் சொல்லோணும்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனான். படியிறங்கியவன் நின்று திரும்பி வந்தான். இப்போது முகம் வேறாக இருந்தது.

"ஆஸ்பத்திரி வாசல்ல நான் அழுதனே சார். அப்பக்கூட நீங்க சொல்லலீங்களே."

"சொல்லலை."

அவன் போய்விட்டான்.

எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. சென்னியப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தணிந்த குரலில், "செரி. அப்ப எந்த லைட்டுங்க சார் வாங்கறது?" என்றார்.

அவர் குத்திக் கேட்கவில்லை. சோளம் நிற்கிறது, யானை நிற்கிறது, அவருக்குப் பதில் வேண்டும். சொன்னேன். பக்கவாட்டில் காட்டாவிட்டாலும், நடந்து சுற்றுகிறவர்களுக்குக் கனமில்லாத எல்.இ.டி., ஆளுக்கொன்று, கூடவே மாற்று பேட்டரி, ஏனென்றால் அது சொல்லாமல் நின்றுவிடும். பரண் மேல் உட்காருகிறவர்களுக்கும் மூட்டம் இறங்குகிற நாளுக்கும் ஹாலஜன் இருக்கட்டும், அது தீர்வதற்கு முன்னால் நமக்குத் தெரியும். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். போன வாரம்போல யாரும் தலையாட்டவில்லை.

நவம்பர் 25, திங்கள்

காலை இறைவணக்கத்தில் என் வரிசையில் பிள்ளைகள் அமைதியாக நின்றார்கள். வழக்கமாகச் சத்தம் போடுகிற வரிசை அது.

நவம்பர் 27, புதன்

மாரப்பன் கடை திறந்திருந்தது. வாசலில் ஏழெட்டு பேட்டரி வரிசையாக இருந்தன. மாட்டுச்சாலையில் இருந்த லைட்டைத் துடைத்து, பேட்டரியோடு எடுத்துப் போனேன். முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஸ்டூலைத் தட்டிப் போடுவான். இன்று ஒரு ஸ்கூட்டியின் ஒயரை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் நிமிராமல், "வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்கு ஆயிரும்," என்றான்.

வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

திருமூர்த்தியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். கால் ஒரு விரற்கடை குட்டையாகலாம் என்கிறார் டாக்டர். பார்க்க வந்த பெரியம்மா ஒருத்தி, "இனி எங்கீங்க பொண்ணு தேடறது," என்று அவன் காதுபடவே சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டான். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

காலையிலும் மாலையிலும் அவனைப் பிடித்து எழுப்பி உட்காரவைப்பது என் வேலை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் எழுந்திருக்க முடியும். கட்டிக்கொள்கிறான்.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று திருமூர்த்தி தோட்டத்தின் முறை. என்னோடு போக யாரைப் போடுவது என்று குழுவில் கொஞ்சம் குழம்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. யாரும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. தனியாகப் போகலாம் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வசந்தா வந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். தம்பியின் முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் போட்டிருந்தாள். மூலையிலிருந்த ஹாலஜன் பேட்டரிப் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"எந்தம்பி தோட்டந்தானுங்க. லைட்ட நான் புடிக்கறேன். நீங்க முன்னால போங்க."

கட்டிலில் கிடந்தபடி திருமூர்த்தி எங்களைப் பார்த்தான். "மொகத்துல புடிக்கோணுங்க்கா," என்றான்.

மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கியிருந்தபோது வாய்க்கால் ஓரம் நடக்க ஆரம்பித்தோம். இருட்டியதும் அவள் லைட்டைப் போட்டாள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்து என்னைத் தாண்டி விழுந்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போய்ச் சோளத்தின்மேல் ஏறியது. முன்னால் போகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் எங்கே காட்டுகிறாளோ அதுதான் தெரியும். மற்றதெல்லாம் அவள் கையில்.

தெற்கு மூலைக்குப் போகும்போது தட்டு முறிந்தது.

"நில்லுங்க," என்றாள்.

நின்றேன். மறுபடியும் முறிந்தது. கையிலிருந்த வெடியைப் பற்றவைக்க நினைத்தேன், விரல் வரவில்லை. திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. வெளிச்சம் சத்தம் வந்த பக்கம் மெதுவாகத் திரும்பி அங்கே நின்றது. வட்டத்தின் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்தது. சோளத்தின்மேல் அந்த நடுக்கம் நன்றாகத் தெரிந்தது. அப்படியே இருந்தது.

பன்றிகள். தாயும் நாலைந்து குட்டியும் வரப்பைத் தாண்டி ஓடின.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். பிறகு மீதித் தோட்டத்தையும் சுற்றி முடித்துத் திரும்பினோம். மோட்டார் ரூம் பக்கம் வரும்போது பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

சோறு, ரசம் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது.

"நானுந்தான்," என்றாள்.

வீடு வரும்வரை லைட்டை அவள் அணைக்கவில்லை.